பல்கலைக் கழகமும் முதிர்ந்தோர் கல்வியும்

தோற்றுவாய்

தொண்டை நாட்டுத் திருநின்றவூரிற் பிறந்த பூசலார் நாயனார், கோயில் எடுக்கப் பொருள் கிட்டாமையால், தம் நெஞ்சினுள்ளேயே அடிநிலை முதலாக ஒரு கோயிலை எழுப்பினார். காஞ்சியிற் கற்றளி எடுத்த காடவர் கோமான், இறைவன் கனவில் உணர்த்தியவாறு அவ்வூர் வந்து தேடினான். கண்ணாற் காணும் கோயில் ஆங்கு இல்லை; எனினும் பூசலாரின் பெருமையை உணர்ந்து, அவரை வணங்கி மீண்டான். 12ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் உரைத்த இவ்வரலாறு பத்தியின் திறத்தைச் சொல்வது. கல்வி வரலாற்றை ஆராய்வார்க்கோ அது ஒரு வினாவையும் எழுப்புகின்றது. கல்லூரி செல்லப் பொருளும் பொழுதும் இன்றித் தம்முயற்சியாற் கற்றவர்களைப் பல்கலைக் கழகம் எவ்வாறு கண்டுகொண்டது என்பதே அவ்வினா. அதனை இங்கு ஆராய்வோம்.

தேர்வு நடத்திய காலம்

இராயபுரத்திலிருந்து திருநின்றவூர் வழியாக வாலாசா சாலை வரை செல்லும் இருப்புப் பாதை 1856இல் திறக்கப்பெற்றது. அடுத்த ஆண்டிற் சென்னைப் பல்கலைக் கழகம் தோன்றியது. அஃது இலண்டன் பல்கலைக் கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டது. ஆதலின், கற்பித்தல் கல்லூரிகளின் கடனாகவும், தேர்வு நடத்திப் பட்டம் வழங்குதல் பல்கலைக் கழகத்தின் கடனாகவும் அமைந்தன. இலண்டன் பல்கலைக் கழகம் 1858இல் கல்லூரியிற் பயிலாதாரும் தன் தேர்வுகளை எழுத இசைவளித்தது. அவ்வாயில் ஈழத்தார்க்கும் பயன்பட்டது.

தமிழுக்கு இத்தகைய வாயிலைத் திறந்தவற்றுள் முதன்மையானது, 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் ஆகும். அச்சங்கத்தின் பண்டிதத் தேர்வில் மயில்வாகனனார் 1916இல் தேறினார். இலண்டன் பல்கலைக் கழகத்தின் அறிவியற் பட்டத்தையும் அவர் ஈழத்தில் இருந்தவாறே பெற்றார். இவரே பின்னர் விபுலானந்த அடிகள் எனத் துறவுப் பெயர் பூண்டு, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத் தமிழ்ப் பேராசிரியர் ஆனவர்.

சென்னைப் பல்கலைக் கழகத்தின் வித்துவான் தேர்வும் இவ்வாறே பயன்பட்டது. திருப்பத்தூர் வட்ட அலுவலகத்தில் எழுத்தராய் இருந்த மு. வரதராசனார், உடல்நலக் குறைவால் அப்பணியை விட்டபின், முருகைய முதலியாரிடம் தமிழ் பயின்று, 1935இல் வித்துவான் தேர்வில் முதன்மை பெற்றார். 1948இல் அப்பல்கலைக் கழகத்திலேயே தமிழில் முனைவர் பட்டமும் எய்தினார்.

இவ்விரு வரலாறுகளும் ஒரு குறையைப் புலப்படுத்துகின்றன. இவர்களைத் தேர்வு அமைப்புகள் அளந்தன, கற்பிக்கவில்லை. வித்துவான் தேர்வை எழுதுவார்க்குப் பாடம் சொன்னவர் உள்ளூர்ப் புலவர். அத்தகைய புலவர் வாயாத ஊரில் இருந்தோர் எத்துணையர் தேர்வு வாயிலையே அடையாது நின்றிருப்பர் என்பது எண்ணத்தக்கது.

அஞ்சலும் அறிவொளியும்

இக்குறையை நீக்க எழுந்ததே அஞ்சல்வழிக் கல்வி. இந்தியாவில் 1962இல் தில்லிப் பல்கலைக் கழகம் இதனைத் தொடங்கியது. தமிழகத்தில் மதுரைப் பல்கலைக் கழகம் 1971இல் மேற்கொண்டது. வித்துவான் தேர்வின் வழி உயர்ந்த மு. வரதராசனார் அப்பல்கலைக் கழகத்தின் துணைவேந்தர் ஆனதும் அவ்வாண்டே. அண்ணாமலைப் பல்கலைக் கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக் கழகம் 1981இலும் இந்நெறியைப் பின்பற்றின. பல்கலைக் கழகம் தன் பாடத்தை எழுதி, அச்சிட்டு, மாணாக்கர் இல்லத்திற்கே அனுப்பலாயிற்று. ஆவடியின் படைக்கலத் தொழிலகங்களிலும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் பகலெல்லாம் உழைக்கும் ஒருவர்க்கு, இரவிற் படிக்கத்தக்க பாடம் கையில் வந்தது சிறு நன்மை அன்று.

எழுத்தறியாதார்பாலும் பல்கலைக் கழகம் சென்றது. யுனெசுகோவில் துணைத் தலைமை இயக்குநராக இருந்த மால்கம் ஆதிசேசையா, 1975 முதல் 1978 வரை சென்னைப் பல்கலைக் கழகத் துணைவேந்தராய் விளங்கினார். முதியோர் கல்விக்காக ஓயாது வாதிட்டவர் அவர். 1978 அக்டோபர் 2ஆம் நாள் தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம் தொடங்கப்பெற்றது. பல்கலைக் கழகங்களும் அதில் பங்கு கொண்டன. 1990களில் அறிவொளி இயக்கம் தமிழகத்தின் ஊர்தோறும் பரவியது. ஆயினும், கையெழுத்திடக் கற்றவர் மேலும் படிக்க விழைந்தால் அவரை அடுத்த படிக்கு ஏற்றும் ஏணி பல இடங்களில் இல்லை. தொடர் கல்வி என்னும் பெயர் அவ்வேணியையே குறித்தல் வேண்டும்.

சான்றிதழும் அதன் மதிப்பும்

பள்ளிக் கல்வியை முடியாதாரும் வயதும் நுழைவுத் தேர்வும் கொண்டு பட்டப் படிப்பிற் சேரலாம் என்பது திறந்தநிலைக் கல்வியின் கொள்கை. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக் கழகம் 2002இல் நிறுவப்பெற்றது. இதன்பின் எழுந்த சிக்கல் பெரிது. முதற் பட்டம் இன்றியே திறந்தநிலையில் முதுகலைப் பட்டம் வழங்கும் வழக்கமும் அந்நாளில் இருந்தது. அவ்வாறு பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தகுதி பேணும் நோக்கில் அத்தீர்ப்புக்கு இடம் உண்டு. ஆனால், பல்கலைக் கழகத்தின் அழைப்பை நம்பிப் பொருளும் ஆண்டும் செலவிட்டு, குடும்பப் பொறுப்பினிடையே தேர்வெழுதித் தேறியவர் செய்த பிழை யாது? வாயிலைத் திறந்தது பல்கலைக் கழகம். இழப்பைச் சுமந்தவரோ மாணாக்கர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பல்கலைக் கழகம் முதலில் தேர்வு நடத்தியதும், பின்னர்ப் பாடம் அனுப்பியதும், அதன்பின் வாயிலையே திறந்துவிட்டதும் விளங்கும். ஒவ்வொரு நிலையிலும் நன்மை விளைந்தது; ஒவ்வொன்றும் ஒரு கடனை எஞ்ச வைத்தது. தேர்வோடு ஆசிரியர் துணையும், பாடத்தோடு ஐயம் தீர்க்கும் வகுப்பும், சேர்க்கையோடு அரசும் பணியிடமும் ஏற்கும் பட்டமும் அமைதல் வேண்டும். கட்டடத்தைக் காணாத காடவர் கோமான் பூசலாரை மறுக்கவில்லை. அவர்தம் முயற்சியின் உண்மையை ஆராய்ந்து தெளிந்தான். ஒருவர் எவ்வாயிலின் வழி வந்தார் என்பதினும் என்ன கற்றார் என்பதை நேர்மையாக ஆராய்தலே, முதிர்ந்தோர்க்குக் கல்வி அளிக்க முன்வரும் பல்கலைக் கழகத்தின் கடன் ஆகும்.