பத்தாயிரம் அடிக் கணக்கும் துறைமுகத்து மூட்டையும்

ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருக்கிற யாரைக் கேட்டாலும் ஒரே எண்ணைத்தான் சொல்றாங்க: ஒரு நாளைக்கு 10,000 அடி. இந்தக் கணக்கை யாரு போட்டதுன்னு தேடிப் பார்த்தேன். டாக்டர்கள் கூடி ஆராய்ஞ்சு சொன்னது இல்லீங்க. 1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக்ஸ் நடந்தது. அந்தச் சூடு ஆறுறதுக்குள்ள, 1965-ல் யமாசா என்கிற ஜப்பான் கம்பெனி இடுப்பில் மாட்டிக்கிற, அடி எண்ணும் கருவி ஒண்ணை விற்பனைக்கு விட்டது. அதுக்கு வச்ச பேரு 'மான்போ-கெய்'. பத்தாயிரம் அடி மீட்டர்னு அர்த்தம். வாயில் நிக்கிற மாதிரி முழுசா ஒரு எண். அவ்வளவுதான்.

அதே 1965-ல் ராயபுரத்தில் ஒரு கூலித் தொழிலாளியை நிறுத்தி, "எடை குறைக்கணுமா"ன்னு கேட்டிருந்தா, நம்மளை ஏற இறங்கப் பார்த்திருப்பார். எங்க அக்கா வீட்டுக்காரர் திருவொற்றியூர்காரர். அவரோட அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். கோதுமை, உரம், எது கப்பலில் வந்தாலும் முதுகில்தான் இறங்கும். பழைய போட்டோவில் பார்த்தா விலா எலும்பை எண்ணலாம்.

இந்த மாதிரி ஆட்களை வச்சு அமெரிக்காவில் பெரிய ஆராய்ச்சியே நடந்திருக்கு. ரால்ஃப் பாஃபன்பார்கர் என்கிற டாக்டர், சான் பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளிகள் 6,351 பேரை 22 வருஷம் கணக்கெடுத்து, 1975-ல் வெளியிட்டார். ஒரே துறைமுகம், ஒரே சங்கம். ஆனா சரக்கு சுமக்கிறவங்க மாரடைப்பில் சாகிற விகிதம், லேசான வேலை பார்க்கிறவங்களைவிட ஏறக்குறைய பாதிதான். உடல் உழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள சம்பந்தத்தை உலகம் நம்பினதில் துறைமுகக் கூலிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அதுக்காக அந்தக் காலம் பொற்காலம்னு நான் சொல்ல வரலை. மாமாவோட அப்பாவுக்கு ஐம்பது தாண்டுறதுக்குள்ள கழுத்து திரும்பாமப் போச்சு.

1983-ல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது. முதுகில் இறங்கின சரக்கு இரும்புப் பெட்டியில் இறங்க ஆரம்பிச்சது. மாமா கன்டெய்னர் யார்டில் நாற்காலி வேலைக்குப் போனார். எங்க மீஞ்சூர் பக்கத்து வயலிலும் இதே கதைதான்: ஏர் போய் டிராக்டர், அரிவாள் போய் அறுப்பு மிஷின். உழைப்பு குறைஞ்சது. சோத்து அளவு மட்டும் அப்பன் காலத்து அளவு.

உடம்பை வேலைக்கு வெளியே தனியா வளர்க்கிற பழக்கம் வடசென்னைக்குப் புதுசு கிடையாது. சார்பட்டா, இடியப்ப நாயக்கர்னு குத்துச்சண்டைப் பரம்பரைகள் இருந்த ஊர். கர்லா கட்டை, தண்டால், பஸ்கி எல்லாம் உண்டு. ஆனா அங்க வாத்தியார் ஒருத்தர் நிப்பார். வரலைன்னா வீட்டுக்கே ஆள் அனுப்புவார்.

வாத்தியாரே வேண்டாம், வீட்டிலேயே நீயா செய்னு கருவி விற்க ஆரம்பிச்சவங்களில் பெரிய ஆள் சாண்டோ. ஜெர்மனியில் பிறந்த யூஜின் சாண்டோ, இங்கிலாந்தில் இருந்துகிட்டு ஸ்பிரிங் வச்ச டம்பெல்லையும் தபால் வழிப் பாடத்தையும் வித்தார். 1904–05-ல் இந்தியாவுக்கும் வந்து போனார். நாம போடுற சாண்டோ பனியனும், 'சாண்டோ' சின்னப்பா தேவர் பேருக்கு முன்னாடி இருக்கிற சாண்டோவும் அவரேதான். தனியாளா கருவியை நம்பி உடம்பைச் சரி பண்ற வியாபாரத்துக்கு நூறு வயசு தாண்டியாச்சு.

ரயில்வே ஸ்டேஷன் எடை மிஷினும் அந்த வம்சம்தான். கலர் பல்பு மின்னும், வட்டத் தகடு சுத்தும், காசு போட்டா அட்டை டிக்கெட் விழும். ஒரு பக்கம் எடை, இன்னொரு பக்கம் பலன். எல்லாரும் முதல்ல பலனைத்தான் படிப்பாங்க! எங்க ஊரில் தராசுங்கிறது நெல்லுக்குத்தான். மனுஷனை நிறுத்திப் பார்க்கிறது துலாபாரத்துக்கு மட்டும்.

மாமாவுக்குப் போன வருஷம் சர்க்கரை வந்திருச்சு. ஜிம்முக்குப் போக வெட்கம். பையன் வாட்ச் வாங்கிக் கொடுத்தான். நாலு மாசம் பத்தாயிரம் அடி நடந்தார், எடை அரை கிலோகூட இறங்கலை. நடந்துட்டோம்ங்கிற தைரியத்தில் பீச் ஸ்டேஷன் பக்கம் போய் ஒரு தட்டு அத்தோ. பத்தாயிரம் அடிக்குச் செலவாகிறது ஏறக்குறைய 300, 400 கலோரி. ரெண்டு பரோட்டா சால்னாவில் அது திரும்பி வந்திரும். இது மாமா ஒருத்தரோட கதை இல்லை. 2016-ல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி ஒண்ணு வந்தது. சாப்பாட்டுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி, ஆலோசனை எல்லாம் ரெண்டு கூட்டத்துக்கும் உண்டு. ஒரு கூட்டத்துக்கு மட்டும் நடுவில் கருவியைக் கட்டிவிட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்தா, கருவி இல்லாதவங்க சராசரியா 5.9 கிலோ குறைஞ்சிருந்தாங்க. கட்டினவங்க 3.5 கிலோதான்.

அந்த வாட்சை நானும் ஒரு நாள் கட்டிப் பார்த்தேன். கை வீசுறதைத்தான் அது அடியா எண்ணுது. தலையில் புல்லுக்கட்டு, ரெண்டு கையும் மேலே, வரப்பு நீளத்துக்கும் நடந்தா பாதி அடியை முழுங்கிருது. டிராக்டரில் உட்கார்ந்து குலுங்கினா தாராளமா ஏத்துது. மூட்டை தூக்கின அந்த மனுஷன் கையில் இதைக் கட்டியிருந்தா, 'எழுந்து கொஞ்சம் நடங்க'ன்னு சொல்லியிருக்கும்.

இன்னொண்ணு, உயரத்தையும் எடையையும் வச்சுப் போடுற பி.எம்.ஐ. கணக்கு. 25 வரைக்கும் பரவாயில்லைன்னு பல ஆப்கள் பச்சை காட்டும். அது வெள்ளைக்காரன் உடம்பை வச்சுப் போட்ட கோடு. நமக்கு எடை கம்மியா இருந்தாலும் வயித்தில் கொழுப்பு சேரும். அதனால இந்தியர்களுக்கு 23-லேயே கூடுதல் எடை, 25-லேயே உடல் பருமன்னு நம்ம நாட்டு டாக்டர்கள் 2009-ல் கோட்டை இறக்கிட்டாங்க. இடுப்புச் சுற்றளவு ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80. அதுக்கு மேல போகக் கூடாது.

இதை அளக்கத் தையல்காரர் டேப் போதும். ஞாயித்துக்கிழமை காலையில் வெறும் வயித்தில் அக்காதான் அளக்கிறா. 104-ல் ஆரம்பிச்சது, இப்போ 99. குழம்புக் கரண்டியைச் சின்னதா மாத்திட்டா. வாட்சில் இலக்கை 6,000-க்கு இறக்கிட்டாங்க. சாயங்காலம் ரெண்டு பேரும் சேர்ந்து நடக்கிறாங்க. அத்தோ மாசத்துக்கு ஒரு தடவை, அதுவும் ஒரு தட்டில் ரெண்டு பேர்.