பெயரிடத் தயங்கிய கொடுமை

நிகழ்ந்த கொலையொன்றைக் கலையாக்குவது தகுமா என்னும் வினா புதிதன்று. அரசர் கொலையுண்ட வரலாறுகளை நாடக மேடை நெடுங்காலமாக நடித்துக் காட்டி வந்துள்ளது. ஆயின், மாண்டோரின் பெற்றோரும் உடன்பிறந்தாரும் உயிருடன் இருக்கையில், அவர்கள் வாழும் நகரிலேயே அக்கொலையைத் திரையில் காட்டுவது வேறு வகையைச் சார்ந்தது. கனடா நாட்டின் மாண்ட்ரீல் நகரில் எழுந்த இத்தகைய வழக்கு ஒன்றையே இன்று நேயர்கள்முன் வைக்கின்றேன்.

1989 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 6 ஆம் நாள் மாலை. மாண்ட்ரீல் பல்கலைக் கழகத்தைச் சார்ந்த எக்கோல் பாலிடெக்னிக் என்னும் பொறியியற் கல்லூரியில், 25 வயது இளைஞன் ஒருவன் துப்பாக்கியுடன் வகுப்பொன்றினுள் புகுந்தான். ஆண்களை ஒருபுறமும் பெண்களை மறுபுறமும் பிரித்து நிறுத்தினான். ஆடவர் ஏறத்தாழ 50 பேரை வெளியே போகுமாறு பணித்தான், அவர்களும் போயினர். ஒன்பது மாணவியர் எஞ்சினர். பெண்ணுரிமை இயக்கத்தை எதிர்த்தே தான் வந்திருப்பதாக அவன் அறிவித்தான். நத்தாலி புரோவோ என்னும் மாணவி, தாங்கள் பொறியியல் பயில வந்த பெண்களே அன்றிப் பெண்ணுரிமைக்காகக் கொடி பிடிப்பவர்கள் அல்லர் என்று விடை கூறினார். அவன் சுட்டான். ஒன்பதின்மரில் அறுவர் மாண்டனர். நத்தாலி உள்ளிட்ட மூவர் காயத்துடன் பிழைத்தனர். பின்னர் நடைவழி, உணவுக்கூடம், மற்றொரு வகுப்பறை என்று அவன் திரிந்தான். இருபது நிமிடங்களுக்குள் யாவும் முடிந்தன. மாண்டோர் 14 பேர், அனைவரும் பெண்கள். அவர்களுள் 12 பேர் பொறியியல் மாணவியர். ஒருவர் செவிலியர் கல்வி பயின்றவர். ஒருவர் கல்லூரியின் நிதிப் பிரிவில் பணிபுரிந்தவர். இறுதியில் கொலைஞன் தன்னையே சுட்டுக்கொண்டு இறந்தான். அவன் பெயரை நான் கூறப் போவதில்லை. கூறுவதால் எவருக்கும் பயனில்லை.

அவனிடத்தில் கடிதம் ஒன்று இருந்தது. தன் வாழ்வைக் கெடுத்தவர்கள் பெண்ணுரிமைவாதிகளே என்றும், தன் செயல் அரசியற் செயல் என்றும் அதில் எழுதியிருந்தான். அவன் கொல்ல எண்ணிய 19 பெண்களின் பெயர்களும் உடன் இருந்தன. காவல் துறையினர் அக்கடிதத்தை வெளியிடவில்லை. ஏறத்தாழ ஓராண்டு கழிந்த நிலையில், 1990 இல், அப்பட்டியலில் பெயர் இடம்பெற்றிருந்த பத்திரிகையாளர் பிரான்சின் பெல்த்தியே என்பவரின் கைக்கு அது எட்டியது. 'லா பிரெஸ்' நாளிதழில் அச்சாயிற்று. இடைப்பட்ட காலத்தில் நாட்டில் வழங்கிய விளக்கம் யாது? ஒரு பித்தன் செய்த வெறிச்செயல் என்பதே. இது பெண்களைக் குறிவைத்த கொலை என்று எடுத்துரைத்த பெண்களை நோக்கி, துயரத்தை அரசியலாக்க வேண்டா என்று சொன்னவர் பலர். கொலைஞன் தன் நோக்கத்தைத் தானே தெளிவாக எழுதி வைத்திருக்க, பிறர் அதனை மறைத்துப் பேசியது எனக்கு வியப்பாகவே உள்ளது.

இந்தப் பின்னணியில், 2009 ஆம் ஆண்டில், தெனி வில்நெவ் இயக்கிய 'பாலிடெக்னிக்' என்னும் திரைப்படம் வெளிவந்தது. ஆறாத புண்ணைக் கீற வேண்டுமா என்ற எதிர்ப்பு, படம் எடுக்கத் தொடங்கும் முன்பே கியூபெக் மாநிலத்தில் எழுந்தது. நடிகை கரீன் வனாஸ் இம்முயற்சியில் முன்னின்றதோடு, வலேரி என்னும் மாணவியாகவும் நடித்தார். படம் முற்றும் கறுப்பு வெள்ளையில் அமைந்தது. குருதியின் சிவப்பு கண்ணை ஈர்த்துவிடக் கூடாது என்பது இயக்குநரின் கருத்து. ஒன்றேகால் மணி நேரத்திற்குச் சற்றே கூடுதலாக ஓடும் அப்படத்தில் கொலைஞனுக்குப் பெயரே இல்லை. நடிகர் பட்டியலிலும் அவன் 'கொலைஞன்' மட்டுமே. ஆயினும் படத்தின் தொடக்கத்திலேயே, அவன் கடிதம் அவன் குரலில் ஒலிக்கின்றது. பெயரை மறுத்து நோக்கத்தை மட்டும் வெளிப்படுத்திய இம்முறையே சரியான முறை என்பது என் துணிபு. நோக்கத்தையும் மறைத்திருந்தால், இடியோ வெள்ளமோ வந்து மாண்டவர்களைப் போல அப்பெண்கள் தோன்றியிருப்பர்.

படத்தில் என் உள்ளத்தைப் பெரிதும் தைத்தது துப்பாக்கிக் காட்சி அன்று. அன்று காலையில் வலேரி பயிற்சிப் பணிக்கான நேர்காணலுக்குச் செல்கின்றாள். எதிரே அமர்ந்த அலுவலர், இயந்திரப் பொறியியல் பெண்ணுக்கு ஏற்றதா, குழந்தை பிறந்தால் விட்டுச் சென்றுவிட மாட்டாளா என்ற ஐயத்தை இனிய முகத்துடன் வெளியிடுகின்றார். கடுஞ்சொல் ஒன்றும் இல்லை. மாலையில் வரும் வெறுப்பும் காலையில் வரும் இந்த மரியாதையான ஐயமும், அந்த வகுப்பில் பெண்ணுக்கு என்ன வேலை என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன.

குறை கூற இடமில்லாமல் இல்லை. வெளியேறிய மாணவனாகிய ழான் பிரான்சுவா என்பவனின் குற்ற உணர்ச்சிக்குப் படம் பெரும் பங்கு தருகின்றது. அவன் பின்னாளில் தன் உயிரையே மாய்த்துக்கொள்கின்றான். உண்மையிலும் அன்று அக்கல்லூரியில் இருந்த மாணவர் ஒருவர் அடுத்த ஆண்டில் தற்கொலை செய்துகொண்டார். வெளியேறிய ஆடவரைக் கோழைகள் என்று தூற்றியவர்களுக்கு விடை தேவைதான். துப்பாக்கி முனையில் நின்றவரை வீட்டில் அமர்ந்து பழிப்பது எளிது. எனினும், மாண்ட பெண்களுள் வலேரியின் தோழி ஒருத்தியை அன்றிப் பிறர் எவரையும் நாம் அறிந்துகொள்ளாமலே படம் முடிகின்றது. அவர்கள் வரைந்த வரைபடங்களும், எண்ணியிருந்த வேலைகளும் இன்னும் சற்று இடம் பெற்றிருக்கலாம். கனடாவின் ஜீனி விருதுகள் ஒன்பதை 2010 இல் இப்படம் பெற்றது.

மாண்ட்ரீலில் இந்நாளின் பெயர் தாங்கிய நினைவுப் பூங்கா ஒன்று உண்டு. அங்கு நாட்டிய பலகை, நிகழ்ந்ததைத் துயர நிகழ்ச்சி என்று பொதுப்படக் கூறியதோடு நின்றது. படம் வெளிவந்து பத்தாண்டுகள் சென்றபின், 2019 இல், அப்பலகை மாற்றப்பட்டது. பெண்ணுரிமைக்கு எதிரான தாக்குதலில் 14 பெண்கள் கொலையுண்டனர் என்று புதிய பலகை கூறுகின்றது. வகுப்பறையில் அன்று விடையிறுத்த நத்தாலி புரோவோ, துப்பாக்கிக் கட்டுப்பாட்டிற்காகப் பல்லாண்டுகள் போராடி, 2025 இல் கனடா நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண்ணுரிமைவாதி என்ற பெயரை அவர் இப்போது மறுப்பதில்லை. தாம் அன்றும் அவ்வாறே வாழ்ந்ததைப் பின்னரே உணர்ந்ததாகக் கூறியிருக்கின்றார்.