சீனாவைப் பார்க்காத சீனக்காரி

1688 ஜனவரியில் மெக்சிகோவின் புவெப்லா நகரத்தில் ஒரு மூதாட்டி இறந்துபோனார். புனிதவதி என்று நம்பி இறுதிச் சடங்குக்கு ஊரே திரண்டது. அவரை எல்லோரும் ‘சீனா’, அதாவது சீனக்காரி, என்றுதான் அழைத்தார்கள். சீனாவுக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது.

பெயர் கத்தரீனா தே சான் ஹுவான். சிறுமியாக இருந்தபோது இந்தியாவில் கடத்தப்பட்டு, கொச்சியில் ஞானஸ்நானம் பெற்று, மணிலாவில் அடிமையாக விற்கப்பட்டு, பசிபிக்கைக் கடந்து வந்தவர். மணிலாவிலிருந்து அகாபுல்கோவுக்கு வந்த கப்பல்களில் ஃபிலிப்பினோ, மலாய், வங்காளி என்று யார் வந்து இறங்கினாலும் ஸ்பானியர்களுக்கு ஒரே பெயர்தான்: சீனோ.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. வெளிநாட்டு விமான நிலையங்களில் என்னைப் பார்த்ததும் ஸ்பானிஷில் பேச ஆரம்பித்தவர்கள் உண்டு. நான் திருதிருவென்று முழிப்பேன், சாரி சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அவ்வளவுதான் விஷயம். அன்றைக்கு அது அவ்வளவு லேசாக முடியவில்லை.

காரணம் சட்டம். கொலம்பஸ் தான் வந்து சேர்ந்தது ஆசியா என்று நினைத்ததால் அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கு ‘இந்தியோ’ என்று பெயர் விழுந்தது. அந்த இந்தியோக்களை அடிமையாக்கக் கூடாது என்று ஸ்பெயின் 1542இல் சட்டம் போட்டது. சீனோக்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. ஆக, இந்தியாவையே பார்க்காதவர்கள் இந்தியர்கள். அவர்களை விற்க முடியாது. இந்தியாவில் பிறந்த பெண் சீனக்காரி, அவளை விற்கலாம்.

இந்த ஓட்டையை அடிமைகளும் கண்டுகொண்டார்கள். ‘நாங்களும் இந்தியோக்கள், எங்களை விடுங்கள்’ என்று வழக்காடினார்கள். தங்களுக்குத் தவறாக விழுந்த ஒரு பெயரை விட்டு, இன்னொருவருக்குத் தவறாக விழுந்த பெயருக்காகப் போராடினார்கள்! ஒருவழியாக 1672இல் சீனோ அடிமைகளை விடுவிக்கச் சொல்லி அரசாணை வந்தது.

கத்தரீனா அதற்கு வெகுகாலம் முன்பே, எஜமானர் இறந்த பிறகு, விடுதலையாகிவிட்டார். பெயர் மட்டும் விடவில்லை. இன்றும் மெக்சிகோவில் கொண்டாடப்படும் ஒரு பாவாடை, ரவிக்கை உடைக்கு ‘சீனா போப்ளானா’, புவெப்லாவின் சீனக்காரி, என்று பெயர். அவர் உடுத்திய உடை என்பார்கள். உண்மையில் அது 19ஆம் நூற்றாண்டின் மெக்சிகோ உடை.

அவருக்கு எழுதத் தெரியாது. நமக்குக் கிடைப்பதெல்லாம் பாதிரியார்கள் எழுதிவைத்த கதை. அவர்கள் கணக்கில் அவருடைய பழைய பெயர் மிர்ரா. அவர் தன்னை எந்த ஊர்க்காரி என்று நினைத்துக்கொண்டார் என்பதை அவர் கையால் எழுதிய ஒரு வரிகூட நமக்குச் சொல்லாது.