தாவும் அலைகள்

கொள்ளேகாலத்திலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் வழியில் ஹனூரை நேயர்களுள் சிலர் கண்டிருப்பர். 1956 நவம்பர் 1ஆம் நாள் கொள்ளேகால் தாலுகாவோடு அவ்வூரும் கோயமுத்தூர் மாவட்டத்தை விட்டு மைசூர் இராச்சியத்தைச் சேர்ந்தது. எல்லைக்கோடு இடம் மாறிற்று. வானொலி அலைகள் அதனை அறியவில்லை. மைசூரில் பேராசிரியர் கோபாலசாமி 1935இல் தம் இல்லத்தில் ‘ஆகாசவாணி’யைத் தொடங்கியிருந்தார். 1939இல் பிறந்த திருச்சி நிலையம் தனக்குரிய அதிர்வெண்ணில் நின்றது. குமிழைத் திருகிக் கரகரப்பு நீங்கிக் குரல் தெளியுமிடத்தில் நிறுத்துவதே அன்று நம்மவர் அறிந்த அளவுத்திருத்தம். (இச்சொல்லைத் தேர்வதற்கே நமக்கு அரைநாள் ஆயிற்று.)

நிலையம் நில்லாது தாவினால் என் செய்வது? ஹெடி லமார் என்னும் திரைநடிகையும் ஜார்ஜ் ஆந்தைல் என்னும் இசையமைப்பாளரும் 1942இல் இதற்கே காப்புரிமை பெற்றனர். டார்ப்பிடோவைச் செலுத்தும் வானொலிக் கட்டளையைப் பகைவர் குலைக்காதவாறு, அனுப்பும் கருவியும் பெறும் கருவியும் துளையிட்ட காகிதச் சுருளின்படி ஒரே கணத்தில் அதிர்வெண்ணை மாற்றிக்கொள்ளும். இடங்கள் 88, பியானோவின் கட்டைகளும் அத்தனையே. அமெரிக்கக் கடற்படை அப்போது அதனை ஏற்கவில்லை.

இன்றோ முதல் வகைப் புளூடூத், நொடிக்கு 1600 முறை 79 தடங்களிடையே தாவுகிறது. சுருளின் வேலையைச் சிறு மின்பலகையிலுள்ள சில்லு செய்கிறது. குமிழைத் திருக விரலுக்கு நேரமில்லை. எல்லாப் பொறுப்பும் அப்பலகையிலுள்ள குவார்ட்ஸ் படிகத்தின்மேல் விழுகிறது. அது இலட்சத்தில் இரண்டு பங்கு வழுவுவதாகக் கொள்வோம். 936 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கும் திருச்சி நிலையத்தில் அவ்வழு ஏறத்தாழ 19 ஹெர்ட்ஸ். நம் செவி அதைப் பொருட்படுத்தாது. 2400 மெகாஹெர்ட்ஸிலோ அதுவே 48 கிலோஹெர்ட்ஸ் ஆகிவிடும். புளூடூத் விதி பொறுக்கும் பிழை 75 கிலோஹெர்ட்ஸ்தான். இரு முனையும் எதிரெதிர்த் திசையில் வழுவினால் இடைவெளி இரட்டிக்கும்.

ஆகவே பலகையைத் தாவவிடாமல் ஒரே தடத்தில் நிறுத்தி, வெற்று அலையை மட்டும் அனுப்பச் செய்வர். நம்பகமான அதிர்வெண்மானியால் அதனை அளப்பர். படிகத்தின் இருபுறமுமுள்ள மின்தேக்கிகளின் அளவைக் கூட்டியோ குறைத்தோ வழுவைச் சுருக்கி, எஞ்சியதற்கு ஒரு திருத்த எண்ணை நினைவகத்தில் பதிப்பர். வெப்பம் மாறினால் படிகமும் மாறும். எனவே வெயிலில் கிடக்க வேண்டிய பலகையைச் சூட்டிலும் குளிரிலும் தனித்தனியே அளப்பர். படிகத்திற்கு முதுமையும் உண்டு. சில ஆண்டுகள் சென்றபின் அதே பலகை மறுபடியும் அதிர்வெண்மானியின் முன் வந்து நிற்கிறது.