ஷாக் அப்சார்பர்: பழைய பிக்கப் வண்டிகளுக்கான மாற்று

ஷாக் அப்சார்பர், மோட்டார் வண்டியின் ஸ்பிரிங் அமுங்கி விரியும்போது எழும் ஆட்டத்தை அடக்கும் உறுப்பு. அதிர்வேற்பி, அதிர்வுத் தாங்கி என்ற பெயர்களும் வழக்கில் உண்டு. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது விழும் அடியை டயரும் ஸ்பிரிங்கும் ஏற்கின்றன. ஏற்ற ஆற்றலை ஸ்பிரிங் திருப்பித் தள்ளி வண்டியை மேலும் கீழுமாக ஆட்டும். அந்த ஆற்றலைச் சிறு துளைகள் வழியே எண்ணெயைப் பிதுக்கி வெப்பமாக்கி வெளியே விடுவதே ஷாக் அப்சார்பரின் வேலை. வண்டியின் எடையை அது சுமப்பதில்லை. பழைய பிக்கப்புக்கு மாற்று வாங்குவோர் செய்யும் தவறுகள் பெரும்பாலும் இந்த ஒன்றை மறப்பதால் நேர்பவை.

இக்கட்டுரை 1960 முதல் 1990கள் வரை அமெரிக்காவில் உருவான பிக்கப்புகளை, குறிப்பாக செவர்லே சி, கே வரிசைகளையும் ஃபோர்டு எஃப் வரிசையையும், முதன்மையாகக் கொண்டது.

வரலாறு

குதிரை வண்டிக்குத் தனியாக ஓர் அடக்கி தேவைப்படவில்லை. பட்டை ஸ்பிரிங்கின் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசியதே அந்த வேகத்துக்குப் போதிய தடையைத் தந்தது. மோட்டார் வண்டி வேகம் பிடித்ததும் நிலைமை மாறியது. ஒரு மேட்டில் எழுந்த ஆட்டம் தணியுமுன் அடுத்த மேடு வந்தது. சக்கரம் தரையைவிட்டுத் துள்ளியது. திருப்பத்திலும் பிரேக்கிலும் பிடிப்புப் போயிற்று.

முதலில் வந்தது உராய்வு வகை. பிரான்சைச் சேர்ந்த ஜே. எம். எம். ட்ரூஃபோ 19-ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் உருவாக்கிய உராய்வு அடக்கியை, அமெரிக்கரான எட்வர்ட் வி. ஹார்ட்ஃபோர்டு தம் நாட்டுக்குக் கொண்டுவந்து ஓல்ட்ஸ்மொபைல் காரில் பொருத்தினார். ட்ரூஃபோ–ஹார்ட்ஃபோர்டு என்ற பெயரில் விற்பனையான இக்கருவியில் இரண்டு உலோகக் கைகள் ஒரு கணுவில் இணையும். கணுவில் உராய்வு வட்டுகள் இறுக்கப்பட்டிருக்கும். நடுத்திருகை முறுக்கினால் தடை கூடும். எளிமையும் உறுதியும் வாய்ந்த இக்கருவிக்கு ஒரு பெரும் குறை இருந்தது. மெல்லிய அசைவுக்கும் கடும் அடிக்கும் அது ஏறக்குறைய ஒரே தடையைத் தந்ததால், சிறு மேடுகளில் ஸ்பிரிங்கை அசையவே விடவில்லை.

அடுத்தது பட்டை வகை. க்ளீவ்லாந்து நகரின் க்ளாட் ஹெச். ஃபாஸ்டர், எஞ்சின் புகையால் ஒலிக்கும் கேப்ரியல் ஹாரனால் முன்பே பெயர் பெற்றவர். அவருடைய கேப்ரியல் ஸ்னபரில், உள்ளே ஸ்பிரிங் வைத்த உருளையில் ஒரு பட்டை சுற்றப்பட்டிருந்தது. வண்டியின் ஸ்பிரிங் அமுங்கும்போது பட்டை தளர்ந்து சுருண்டுகொள்ளும்; விரியும்போது இழுத்துப் பிடிக்கும். விரிதலைத்தான் வலுவாக அடக்க வேண்டும் என்ற கொள்கை இந்த எளிய கருவியிலேயே நிலைபெற்றுவிட்டது. இன்றைய ஷாக் அப்சார்பர்களிலும் விரிதல் தடை, அமுங்கல் தடையைப்போல் இரண்டு மூன்று மடங்காக இருப்பது வழக்கம். கேப்ரியல் என்ற பெயர் 1961-இல் கேப்ரியல் இந்தியா நிறுவனம் வழியாக இந்தியாவுக்கு வந்தது. அதன் ஆலைகளுள் ஒன்று தமிழ்நாட்டின் ஓசூரில் உள்ளது.

எண்ணெய் வகையின் முன்னோடி பிரான்சின் மோரிஸ் ஊதாய். 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அவர் வடிவமைத்த கருவியில், எண்ணெய் நிரம்பிய வட்டக் கூட்டுக்குள் இறக்கைகள் திரும்பும். எண்ணெய் ஒரு குறுகிய வழியே ஓர் அறையிலிருந்து மற்றதற்குப் பிதுங்கும். அசைவின் வேகம் கூடக்கூடத் தடையும் கூடியது. உராய்வு வகையால் ஒருபோதும் தர முடியாத பண்பு இது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் ஹூட் என்ஜினியரிங் நிறுவனம் இதைத் தயாரித்தது.

பிக்கப்பின் வரலாறு இங்கே வந்து சேர்கிறது. ஃபோர்டு தன் ஆலையிலேயே முழுமையாகச் செய்து விற்ற முதல் பிக்கப், 1925 ஏப்ரலில் 281 டாலர் விலையில் வந்த மாடல் டி ரனபவுட். அதில் ஷாக் அப்சார்பரே கிடையாது. வேண்டுவோர் ஸ்னபர் போன்றவற்றைக் கடையில் வாங்கி மாட்டிக்கொண்டனர். 1927 டிசம்பரில் அறிமுகமான மாடல் ஏ வண்டியோ ஊதாய் எண்ணெய் அடக்கிகளுடன் வந்தது. அதுவரை பணமுள்ளோர் தனியே வாங்கிப் பூட்டிய பொருள், அன்றுமுதல் மலிவான வண்டிக்கும் உரிய உறுப்பாயிற்று.

இதையடுத்து நெம்புகோல் வகை பரவியது. சேஸிஸில் பூட்டிய வார்ப்பு உடலுக்குள் பிஸ்டன். அதை இயக்கும் கை ஓர் இணைப்புத் தண்டால் அச்சோடு சேரும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பிக்கப்புகள் பலவற்றில் இவ்வகையே இருந்தது. எண்ணெய் குறைந்தால் ஊற்றலாம், வால்வைக் கழற்றி மாற்றலாம். நேர்த்தியான, பழுதுபார்த்துப் பயன்படுத்தத்தக்க கருவி. ஆனால் உள்ளிருக்கும் எண்ணெய் கொஞ்சம். பிஸ்டனின் ஓட்டமும் குட்டை. அதனால் கரடுமுரடான சாலையில் விரைவில் சூடேறி வலுவிழந்தது.

இன்று நாம் காணும் குழாய் வடிவத்தைப் பரப்பியதில் மிச்சிகன் மாநிலத்தின் மன்ரோ நகருக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கே 1916-இல் டயருக்குக் காற்றடிக்கும் பம்பு செய்யத் தொடங்கிய நிறுவனம், 1926-இல் ஷாக் அப்சார்பரில் இறங்கியது; ஊரின் பெயரையே தன் பெயராகவும் கொண்டது. சேஸிஸுக்கும் அச்சுக்கும் இடையே நேராக மாட்டப்படும் குழாய் வகை 1930களில் கார்களில் இடம்பிடித்தது. போருக்குப் பின் பிக்கப்புகளிலும் நெம்புகோல் வகையை ஓரங்கட்டியது.

அடுத்த பெரும் மாற்றம் வாயு. எண்ணெயையும் அழுத்தமேற்றிய நைட்ரஜனையும் நகரும் தடுப்பால் பிரித்துவைக்கும் ஒற்றைக் குழாய் வடிவத்தை உருவாக்கியவர் பிரான்சின் கிறிஸ்தியான் பூர்சியே த கார்போன். ஜெர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனம் 1957-இல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களுக்கு இவ்வகையைத் தொடர் உற்பத்தியாக வழங்கியது.

வகைப்பாடு

மாற்றுச் சந்தையில் கிடைப்பவற்றை நான்காகப் பகுக்கலாம்.

1. இரட்டைக் குழாய், எண்ணெய் மட்டும். உட்குழாயில் பிஸ்டன் ஓடும். வெளிக்குழாய் எண்ணெய்க்குச் சேமிப்பறை. அடியில் ஒரு வால்வு. விலை குறைவு, ஓட்டம் மென்மை. தொடர்ந்து குலுங்கும்போது சேமிப்பறைக் காற்று எண்ணெயில் கலந்து நுரைத்துத் தடையைக் குலைக்கும்.

2. இரட்டைக் குழாய், வாயு ஏற்றியது. மேற்சொன்ன அமைப்பிலேயே காற்றுக்குப் பதில் சுமார் 100 முதல் 150 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நைட்ரஜன். நுரைப்பது வெகுவாகக் குறையும். அன்றாடப் பயன்பாட்டுப் பிக்கப்புகளுக்கு அதிகம் விற்பது இதுவே.

3. ஒற்றைக் குழாய். வாயு அழுத்தம் 250 பிஎஸ்ஐக்கு மேல். பிஸ்டன் பெரிது, பிக்கப்புக்கான வகைகளில் 46 மி.மீ. விட்டம் பரவலானது. எண்ணெய்க்கும் வெளிக்காற்றுக்கும் இடையே ஒரே சுவர் என்பதால் வெப்பம் உடனே வெளியேறும். தலைகீழாகவும் மாட்டலாம். கல் பட்டுக் குழாய் நசுங்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும் என்பது இதன் குறை. ஆயினும் சுமையேற்றி மண்சாலையில் ஓடும் பிக்கப்புக்கு இதுவே மேலான வகை.

4. துணைச் சுமை வகை. மேலே சுருள் ஸ்பிரிங் கோத்தவையும், காற்று ஏற்றி உயர்த்துபவையும் இதில் அடங்கும். மற்றவற்றைப் போலன்றி இவை எடையின் ஒரு பகுதியைத் தாங்கும். ஆனால் பழைய சேஸிஸின் ஷாக் அப்சார்பர் தாங்கிகள் எடை சுமப்பதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. துருவேறிய தாங்கி விரிசல் விடவும், பற்றவைப்பு கிழியவும் இவ்வகை வழிவகுக்கும்.

தடையைக் கையால் திருகி மாற்றக்கூடியவை மேற்சொன்ன வகைகளின் உட்பிரிவு. 1857-இல் குதிரைச் சேணப் பட்டறையாகத் தொடங்கிய நெதர்லாந்தின் கோனி நிறுவனம் இத்துறையில் பெயர் பெற்றது. அமெரிக்கப் பிக்கப் உரிமையாளர்களிடையே ராஞ்சோ நிறுவனத்தின் ஒன்பது நிலை வகை பரவலாக அறியப்பட்டது.

பிக்கப்புக்கே உரிய சிக்கல்

காரைவிடப் பிக்கப்புக்கு ஷாக் அப்சார்பர் தேர்வது கடினம். ஆளில்லாமல் நிற்கும் காருக்கும் நால்வர் ஏறிய காருக்கும் எடை வேறுபாடு சிறிது. பிக்கப்பிலோ சரக்கு முழுவதும் பின்னச்சின்மேல் இறங்கும். பின்ஸ்பிரிங்கின் மேலுள்ள எடை இரு மடங்கானால், அதே ஷாக் அப்சார்பரின் தணிப்பு விகிதம், அதாவது ஆட்டத்தை அடக்கும் அளவு, சுமார் 30 விழுக்காடு குறைந்துவிடும். சுமைக்கென வால்வு அமைத்தால் வெற்று வண்டி கடகடக்கும். வெற்று வண்டிக்கென அமைத்தால் சுமையேறியதும் ஊசலாடும். ஆகவே, வண்டி ஆண்டில் பெரும்பாலான நாட்கள் எப்படி ஓடுகிறது என்பதே தேர்வின் அடிப்படை.

மாட்டும் கோணமும் கணக்கில் சேரும். செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்திருக்கும் ஷாக் அப்சார்பர், நேராக நிற்கும்போது தரும் தடையில் முக்கால் பங்கையே சக்கரத்துக்குத் தரும். 45 பாகையில் பாதிதான். 1973 முதல் 1987 வரை வந்த செவர்லே பிக்கப்புகளில் பின்பக்க ஷாக் அப்சார்பர்கள் ஒன்று அச்சுக்கு முன்னும் மற்றது பின்னுமாக அமைந்தன. முடுக்கும்போது அச்சு முறுக்கிக்கொண்டு துள்ளுவதை இது தடுத்தது.

தேர்வு

முதலில் வண்டியின் அடையாளம். ஒரே பெயரில் ஒரே ஆண்டில் வந்த வண்டிகளும் கீழே வேறுபடும். 1960 முதல் 1972 வரை செவர்லே சி10 பின்பக்கம் பொதுவாகச் சுருள் ஸ்பிரிங். அதே உடலுடைய ஜிஎம்சி வண்டிகளில் பட்டை ஸ்பிரிங் மிகுதி. 1965 முதல் இருசக்கர இயக்க ஃபோர்டில் முன்பக்கம் இரட்டை ஐ-பீம் அச்சு. 1980-இலிருந்து நாற்சக்கர இயக்க எஃப்-150-இல் முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஷாக் அப்சார்பர் கொண்ட விருப்பத் தேர்வும் இருந்தது. அரை டன், முக்கால் டன், இருசக்கர, நாற்சக்கர இயக்க வேறுபாடுகளை வண்டியிலுள்ள எடைத் தகட்டைப் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும்.

இரண்டாவது ஸ்பிரிங்கின் நிலை. பின்பக்கம் தாழ்ந்திருந்தால் காரணம் களைத்த ஸ்பிரிங். புதிய ஷாக் அப்சார்பர் அதை உயர்த்தாது. ஒற்றைக் குழாயின் வாயு சற்றே தூக்கும். அதைச் சீர்திருத்தம் என்று கொள்ளக்கூடாது. ஸ்பிரிங்கைச் செப்பனிட்ட பிறகே அளவெடுக்க வேண்டும்.

மூன்றாவது அளவு. வண்டி தரையில் நிற்கும் நிலையில் மேல், கீழ் தாங்கிகளுக்கு இடையேயுள்ள தூரம். அச்சு மேலேறுவதைத் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் முட்டும்போதுள்ள தூரம். அச்சு முழுதாகத் தொங்கும்போதுள்ள தூரம். இம்மூன்றும் போதும். ஷாக் அப்சார்பர் முழுதாக மடங்குமுன் ரப்பர் முட்டியாக வேண்டும்; இல்லாவிடில் பிஸ்டன் அடியில் மோதி உடையும். நிற்கும் நிலையில் பிஸ்டன் ஓட்டத்தின் நடுப்பகுதியை ஒட்டி இருப்பது நன்று. உயரம் கூட்டிய வண்டிக்கு நீளமான வகையும், தாழ்த்திய வண்டிக்குக் குட்டை வகையும் வேண்டும். முனை கண்ணா, திருகுத் தண்டா, குறுக்குப் பட்டையா என்பதையும் பார்க்க வேண்டும்.

நான்காவது தடையின் வலு. கெட்டியானது உறுதியானது என்ற எண்ணம் பரவலாக உள்ளது, அது தவறு. தேவைக்கு மிஞ்சிய தடை, வெற்றுப் பிக்கப்பின் பின்சக்கரத்தை மேடுகளில் தரையிலிருந்து எழுப்பிவிடும். ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும்போது இது உயிருக்கே ஆபத்து. எடையுள்ள பெரிய டயர் மாட்டியவர்களுக்கும், வண்டியின் பின்னால் இழுவை வண்டி கட்டுவோருக்கும் கூடுதல் தடை தேவை. மற்றவர்களுக்கு ஆலை தந்த அளவை ஒட்டிய வால்வே நிறைவானது.

தேய்மானம், பொருத்துதல்

எண்ணெய்க் கசிவு, டயரில் குழிகுழியான தேய்வு, பிரேக்கில் மூக்கு குத்துதல், மேடு தாண்டியபின் ஆட்டம் நீடித்தல் ஆகியவை தேய்மானத்தின் அடையாளங்கள். மூலையை அழுத்திவிட்டு ஆட்டம் பார்க்கும் சோதனை பட்டை ஸ்பிரிங் கொண்ட பிக்கப்புக்குப் பொருந்தாது. ஸ்பிரிங் தகடுகளின் உராய்வே ஆட்டத்தை நிறுத்திவிடும். 50,000 மைல், அதாவது சுமார் 80,000 கிலோமீட்டர் ஓடியபின் மாற்றுவது முறை.

ஓர் அச்சுக்கு இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இரட்டைக் குழாய் வகையை மாட்டுமுன் நிமிர்த்திப் பிடித்துச் சிலமுறை நீட்டி மடக்கிக் காற்றை விலக்க வேண்டும். பிஸ்டன் தண்டைக் குறடால் பிடிக்கக்கூடாது. கீறல் விழுந்தால் ஆயில் சீல் கிழியும். கண்முனை புஷ்களின் போல்ட்டை வண்டி சக்கரத்தில் நிற்கும்போது இறுதியாக முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகியே இருந்து அறுந்துபோகும்.

இன்றைய நிலை

ஓட்டத்தின்போதே தடையை மின்னணு முறையில் மாற்றிக்கொள்ளும் ஷாக் அப்சார்பர்கள் இன்று புதிய பிக்கப்புகள் சிலவற்றில் ஆலையிலிருந்தே வருகின்றன. பழைய அமெரிக்கப் பிக்கப்புகளில் பரவலான மாதிரிகளுக்கு இரட்டைக் குழாய், ஒற்றைக் குழாய் ஆகிய இரு வகைகளும் இன்றும் தயாராகின்றன.