சீனக் கொடி ரோஜாவும் களனிக் கரையும்

கொழும்பு கொம்பனித்தெருவில் ‘கியூ’ என்ற பெயரில் இயங்கிய அரச தாவரவியல் தோட்டத்துக்கு 1812இல் பொறுப்பாளராக வந்த வில்லியம் கெர், அதற்கு முன் சீனாவின் கன்டன் நகரில் தங்கி, சேர் ஜோசப் பேங்க்ஸின் பணிப்பில் இலண்டனுக்குச் செடிகளைத் திரட்டி அனுப்பிவந்தவர். 1807இல் அவர் அனுப்பியவற்றுள், பின்னர் பேங்க்ஸின் மனைவியின் பெயரைப் பெற்ற, முள் அரிதான வெண்ணிறக் கொடி ரோஜாவும் ஒன்றாகும். கொடி ரோஜா என்பது பாகலைப் போலப் பற்றுக்கம்பி விட்டுத் தானே ஏறுவதன்று; நீண்டு வளரும் அதன் தண்டுகளைச் சுவரிலோ பந்தலிலோ கட்டிவிட வேண்டும்.

கெர் அனுப்பிய கொடிக்கு ஒரு குறை உண்டு: அது ஆண்டுக்கு ஒருமுறையே பூக்கும். காட்டு ரோஜாக்களில், பருவம் கடந்தபின் பூப்பதைத் தடுத்துத் தண்டை நீளச் செய்யும் மரபணு ஒன்று இயங்குகிறது. சீனத்துத் தோட்ட ரோஜாக்களிலோ இடையில் நுழைந்த மரபுத் துண்டொன்றால் அம்மரபணு செயலிழந்துவிட்டமையால், புதிதாக எழும் ஒவ்வொரு தளிரும் பூவில் முடிகிறது. நீளத் தண்டும் தொடர்பூப்பும் ஒரே செடியில் அமைவது அரிதாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

அந்த அரிய சேர்க்கை குளிர்நாட்டு அரண்மனைத் தோட்டங்களில் தொடங்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அமெரிக்காவின் வெப்பமும் ஈரமும் மிக்க சார்ள்ஸ்டன் கரையில், நெற்செய்கையாளரான ஜோன் சாம்ப்னீஸ் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கத்தூரி ரோஜாவும் சீன ரோஜாவும் கலந்த செடியொன்றை வளர்த்தார். அதன் வழியில் பிலிப் நுவாசெத் எழுப்பிய செடிகள் பாரிசிலிருந்த அவருடைய சகோதரரைச் சென்றடைந்து, நுவாசெத் ரோஜாக்கள் என்ற குலமாயின. இந்து சமுத்திரத்தின் ரீயூனியன் தீவிலோ, அந்நாளைய பூர்போன் தீவில், வேலிகளாக நடப்பட்டிருந்த சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் தாமாகக் கலந்து பூர்போன் குலம் தோன்றியது. 1817இல் அங்கு சென்ற பிரெயோன் என்ற தாவரவியலாளர் அதனைக் கண்டு விதைகளைப் பிரான்சுக்கு அனுப்பினார். தமிழ்நாட்டில் உதிரிப்பூவுக்காகப் பயிராகும் எட்வர்ட் ரோஜாவும் இக்குலத்தைச் சேர்ந்ததே.

இலங்கையில் அரச தோட்டக்கலையின் கவனம் கரையோரத்தில் நிலைக்கவில்லை. கெர் 1814இல் இறந்தார். தோட்டம் 1813இல் களுத்துறைக்கும், 1821இல் அலெக்சாண்டர் மூனின் காலத்தில் பேராதனைக்கும் பெயர்ந்தது. 1861இல் சிங்கோனாச் செய்கைக்காக நிறுவப்பட்ட ஹக்கல தோட்டம், சுமார் 1,700 மீற்றர் உயரத்தின் குளிர்ச்சியால், ரோஜாவுக்குப் பெயர் பெற்றது. இதனால் ரோஜா மலைநாட்டுக்கே உரியது என்ற எண்ணம் வேரூன்றியதாயினும், அது பாதி உண்மையே.

களனி ஆற்றின் வடகரையிலுள்ள வத்தளையில் செடி தாங்க வேண்டியது பனியையன்று, ஈரத்தை. முத்துராஜவெலச் சதுப்பு அருகிலிருக்க, நிலத்தடி நீர் மேலெழும் தாழ்நிலத்தில் வேர் அழுகுவதும், ஆண்டில் இருமுறை வலுக்கும் மழையில் கரும்புள்ளி என்ற பூஞ்சண நோயால் இலை உதிர்வதும் எதிர்பார்க்கத்தக்கவை. சார்ள்ஸ்டனிலும் ரீயூனியனிலும் பிறந்த குலங்கள் இங்கு பொருந்துவதற்கு அவ்வெப்பக்கரைப் பிறப்பே காரணமெனலாம். உயர்த்திய பாத்தியும் காற்றோட்டமுள்ள வேலியும் அவற்றுக்குத் தேவை. பனிக்காலத்தின் முடிவில் கவாத்துச் செய்யும் ஐரோப்பிய முறைக்கு இங்கு இடமில்லாததால், மழை ஓய்ந்து தை மாத வெயில் தொடங்கும்போது முதிர்ந்த தண்டுகளை நீக்குவதே தகும். எஞ்சியவற்றைக் கிடையாக வளைத்துக் கட்டினால் நுனிமொட்டின் அடக்குதல் குறைந்து, கணுக்கள்தோறும் பக்கக்கிளைகள் எழுந்து பூக்கும்.