களத்து மேரையிலிருந்து அகவிலைப்படி வரை: கருவி செய்வோர் ஊதியம்

கொழு அடித்த கொல்லரும் கலப்பை, ஏற்றம் செய்த தச்சரும் தமிழக ஊர்களில் நெடுங்காலம் பொருளுக்கு விலை பெறவில்லை. விளைச்சலில் பங்கு பெற்றனர். செங்கல்பட்டுச் சீமையில் 1767–1774இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் பொறியாளர் பார்னார்டு எடுத்த கணக்குகள் இப்பங்கை ‘மேரை’ என்று குறிக்கின்றன.

இந்தப் பங்கைக் கூலியாகக் கணக்கிடலாமா என்பதே சிக்கல். வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி 1998இல் வெளியிட்ட கட்டுரையில், பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்திய உழைப்பாளரின் வருவாய், தானிய அளவில் பிரிட்டனுக்கு ஈடாக நின்றது என்றார். பொருளியல் வரலாற்றாளர்களான பிராட்பெரியும் பிஷ்ணுப்பிரியா குப்தாவும் 2006இல் வெள்ளி மதிப்பை வைத்து அதை மறுத்தனர். உண்பது நெல்லேயன்றி வெள்ளியன்று; அவ்வளவில் பார்த்தசாரதியின் அளவுகோல் பொருத்தமானது. ஆனால் அவரது முதன்மைச் சான்று நெசவாளர். நெசவாளர் நெய்த துணிக்குப் பணம் வாங்கினர்; ஊர்க் கொல்லரோ கொழு தேய்ந்தாலும் தேயாவிட்டாலும் அறுவடைக்குக் களத்தில் நின்றார். இவ்விருவரையும் ஒரே தானியக் கூலிக் கணக்கில் அடக்கினால் பின்னவரின் உரிமை மறைந்துவிடும்.

பங்கைக் கூலியாகக் கணக்கிடலாமா என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் காலப் பணியாளர் பட்டியல் கல்வெட்டு நல்ல சோதனை. தளிச்சேரிப் பெண்டுகள் (கோயில் ஆடல் மகளிர்) 400 பேருடன் தச்சர், கன்னார் முதலியோருக்கும் அது பங்கு வகுக்கிறது. ஒரு பங்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். 360 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 3 குறுணி 2⅔ நாழி வரும். பிழை தொடங்குவது இந்த வகுத்தலில்தான். பங்குடையவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அடுத்த உறவினர் பணியைச் செய்து நெல்லைப் பெறலாம். அவர் தகுதியற்றவரானால் தகுந்த ஆளை நியமிக்க வேண்டும் என்கிறது கல்வெட்டு. நெல் அளக்கப்பட்டது பணியிடத்துக்கு. உழைத்த நாளுக்கு அன்று. ஆணை சோழ மன்னன் முதலாம் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டைச் சொல்கிறது. கல்லில் பொறித்த காலம் சற்றுப் பிந்தியதாகலாம்.

இதே தலைமுறையில்தான் விழுப்புரம் மாவட்டத் திருவக்கரையில் சோழ அரசி செம்பியன் மாதேவியின் கற்றளி எழுந்தது. கல் செதுக்கும் உளி விரைவில் மழுங்கும். உலைக்களம் அருகில் இல்லாமல் கற்றளி எழுந்திராது. அந்தக் கொல்லருக்கும் பங்கே வழங்கியிருக்க வேண்டும் என்பது ஊகம். எனினும் தஞ்சைச் சான்று அதையே ஆதரிக்கிறது. கோயில் பங்கிலிருந்து ஊர் மேரை நேரே பிறந்தது என்று கூற 700 ஆண்டு இடைவெளி தடை. இரண்டும் ஒரே முறைமையின் கிளைகள் என்பதே பொருந்தும்.

1858இல் அமைந்த இனாம் ஆணையம் ஊர் ஊழியத்துக்கு விடப்பட்ட மானிய நிலங்களை வரிக்குரியனவாக்கும் வழியைத் திறந்தது. ஆலை இரும்புக் கருவிகளும் பின்னர் பம்புசெட்டும் வந்தபின் ஊர்ப்பட்டறையின் பிடி தளர்ந்தது. பட்டறைத் தொழிலாளி பணக்கூலிக்கு மாறியதும் விலையேற்றம் அவர் தலைமேல் விழுந்தது. நெல்லாகப் பெற்றவருக்கு அந்தச் சுமை குறைவு. 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் பணம் உரிய நாளில், முறையற்ற பிடித்தமின்றிக் கிடைப்பதை உறுதி செய்தது; ஊதிய அளவை வகுக்கவில்லை. குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 1948இல் வந்தது. அதன்கீழ் தமிழகத்தில் பொறியியல் பட்டறைகளுக்கும் கல்லுடைக்கும் தொழிலுக்கும் அறிவிக்கப்பட்ட ஊதியத்தில், சென்னை நுகர்வோர் விலைக் குறியீட்டோடு இணைந்த அகவிலைப்படி சேர்ந்தது. விலையேற்றத்திலிருந்து மேரை தந்த காப்பு இதனால் ஓரளவு மீண்டது; பணியிடத்தின் மீதான பரம்பரை உரிமை மீளவில்லை.